பொம்பெயியா, ஹெர்குலேனியமா? நேப்பிள்ஸில் ஒரே ஒரு நாள் கிடைத்தால்

இத்தாலியில் நேப்பிள்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் பொம்பெயிக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பெயர் அப்படி. பொம்பெயி போகிற அதே சிர்கும்வெசுவியானா ரயிலில் கிட்டத்தட்ட பாதி வழியிலேயே ஹெர்குலேனியம் வந்துவிடும், ஆனால் அதற்கான எர்கொலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்குகிற கூட்டம் குறைவுதான். என் ஓட்டு ஹெர்குலேனியத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன், பொம்பெயி எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சேர்த்து.

இந்த இரண்டு பழைய ரோமானிய ஊர்களையும் விழுங்கியது கி.பி. 79இல் வெடித்த வெசூவியஸ் எரிமலைதான், ஆனால் விழுங்கிய விதம் வேறு. அன்றைக்குக் காற்று தென்கிழக்குப் பக்கம் அடித்ததால் பொம்பெயி மேல் மணிக்கணக்கில் நுரைக்கல்லும் சாம்பலும் கொட்டி, பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. ஹெர்குலேனியம் மலைக்கு மேற்கே இருந்ததால் முதலில் கொஞ்சம் தப்பித்தது. அப்புறம் இரவில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலைச்சரிவில் பாய்ந்து வந்து ஊரையே சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டன. அந்தச் சூட்டில் மரச்சாமான்களில் நிறைய எரிந்து சாம்பலாகாமல் கரியாகி, அதே வடிவத்தில் நின்றுவிட்டன.

அதனால்தான் ஹெர்குலேனியத்தில் மேல்மாடி இருக்கிறது, பொம்பெயியில் பெரும்பாலும் இல்லை. மரத்தடுப்பு வீடு என்று ஒன்று, கூடத்துக்குக் குறுக்கே வைத்திருந்த மரத்தடுப்பு கருகிய நிலையில் இன்னும் நிற்கிறது. நெப்டியூன் வீட்டை ஒட்டிய கடையில் ஜாடிகளை அடுக்குகிற மரச்சட்டம்கூட இருக்கிறது, ஆள் இப்போதுதான் எழுந்து போனமாதிரி. அதே வீட்டின் பின்பக்கச் சுவரில் கடல் தெய்வம் நெப்டியூனும் அவர் மனைவி ஆம்பிட்ரிட்டியும் நிற்கிற மொசைக் (சின்னச் சில்லுகள் பதித்த படம்), நீலமும் பச்சையுமாக, ஓரத்தில் நிஜச் சிப்பிகள் பதித்தது. மொசைக் என்றால் கொட்டாவி விடுகிறவர்கள்கூட அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

கீழே பழைய கடற்கரையோரம் படகுக் கொட்டடிகள். 1980களிலிருந்து அங்கே தோண்டியதில் சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, கடல் வழியாகத் தப்பிக்கலாம் என்று காத்திருந்தவர்கள். இப்போது அங்கே கிடப்பவை நகல்கள் என்று தெரிந்தாலும் பார்த்துவிட்டுச் சட்டென்று நகர முடியவில்லை. கடல் இன்றைக்கு வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது, அண்ணாந்து பார்த்தால் எரிமலைப் பாறைச்சுவர், அதற்கு மேலே இன்றைய எர்கொலானோவின் வீடுகள், பால்கனிகள். பழைய ஊரின் பெரும்பகுதி அந்த வீடுகளுக்கு அடியில்தான் கிடக்கிறது, தோண்ட வழியில்லை. திறந்திருக்கும் பகுதி சின்னதுதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

சரி, பொம்பெயி? அதன் பலம் அளவு. சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. ஹெர்குலேனியத்தில் வீடுகளைப் பார்க்கிறோம், இங்கே ஊரையே பார்க்கிறோம். வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம், தெருவைக் கடக்க உயர்த்திப் போட்ட கற்கள், மாவரைக்கும் கல்லோடு ரொட்டிக்கடை, வாசலில் சங்கிலி கட்டிய நாய் மொசைக், சூடான சாப்பாடு விற்ற கல்மேடைகள் (ரோமானியர்களின் கையேந்தி பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). இறந்தவர்களின் உடல் மக்கிப்போய்ச் சாம்பலுக்குள் விட்ட வெற்றிடத்தில் 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி ஜிப்சம் சாந்து ஊற்றி எடுக்க ஆரம்பித்த உருவங்களும் இங்கேதான். வெட்டீ (Vettii) என்ற ரோமானியக் குடும்பத்தின் வீட்டை 2023இல் மறுபடி திறந்தார்கள், சுவரோவியம் பிடிக்கும் என்றால் அதற்காகவே போகலாம்.

ஆனால் நிழல் என்பது அபூர்வம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் கல் பாவிய தெருவில் நடந்து நடந்து மதியத்துக்குள் களைத்துப்போய், அப்புறம் பார்ப்பதெல்லாம் இடிந்த சுவராகவே தெரியும். நிறைய வீடுகளைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, பெயர் போட்ட டிக்கெட் கொடுக்கிறார்கள். வரம்பே அவ்வளவு என்றால் கூட்டத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் போனாலும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தை விடாதீர்கள். இரண்டு ஊர்களிலிருந்தும் பெயர்த்தெடுத்த நல்ல சரக்கு அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது, மாவீரன் அலெக்சாண்டர் போரிடும் மொசைக்கின் அசல் உட்பட. 1938இல் பொம்பெயியில் கிடைத்த இந்திய யானைத் தந்தச் சிற்பமும் அங்கே இருக்கிறது. முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்பவர்களே அதிகம். நம் பக்கத்து மிளகு கப்பலேறி ரோமுக்குப் போன காலம் அது. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

ஆக, ஒரே நாள் என்றால் காலையில் ஹெர்குலேனியம், மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம். வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் இதில் மறுபேச்சே இல்லை. இரண்டாவது நாள் கிடைத்தால் பொம்பெயி, வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், தண்ணீர் பாட்டிலும் நல்ல ஷூவும் கட்டாயம். இரண்டு ஊரையும் ஒரே நாளில் திணிக்கும் திட்டத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம் என்பதால் அன்றைக்குப் பொம்பெயியில் கூட்டம் அள்ளும், அந்த நாளையும் தவிர்த்துவிடுங்கள். ரயிலில் பர்ஸ் பத்திரம்.