ப்ரூப் பார்த்த கேம்: லாரியனோடு எட்டு வருடம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஃப்ளெக்ஸ், பத்திரிகை டிசைன் செய்யும் சின்னக் கடை என்னுடையது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளர் பிறந்தநாள் என்று இந்த ஊரில் எது நடந்தாலும் முதலில் அடிப்பது பேனர்தான். அதனால் கடையில் கொஞ்சம் வலுவான கம்ப்யூட்டர் உண்டு. தாய்மாமன்களின் தலையை வெட்டி வரிசையாக ஒட்டுவதற்கு வாங்கிய அந்த மெஷினில்தான் 2017 முதல் லாரியன் ஸ்டுடியோவின் கேம்களை ஆடி வருகிறேன். வாங்கின வாரத்திலேயே எழுதிய விமர்சனங்கள் நிறையக் கிடைக்கும். இது எட்டு வருடம் வைத்து ஆடியவன் எழுதுவது.

லாரியனிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கடைதான். அதற்கு முன் ஆடிய ரோல் பிளேயிங் கேம்களில், அதாவது கதைக்குள் ஒரு பாத்திரமாகவே இறங்கி ஆடுகிற கேம்களில், கை ஓயாமல் வாள் சுழற்ற வேண்டும். "அண்ணே, இந்தப் போட்டோவுல எங்க மாமாவுக்கு மீசையக் கொஞ்சம் முறுக்கி விடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால், ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டனைத் தேடுவதற்குள் நம் ஆள் செத்திருப்பான். லாரியனின் இப்போதைய கேம்களில் சண்டை முறை வைத்து நடக்கும். என் முறை வந்தால், நான் அசையும் வரை எதிரி அப்படியே நிற்பான். மீசையை முறுக்கி, பிரிண்டுக்கு அனுப்பி, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தாலும் நிற்பான்.

முதலில் வாங்கியது டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2. அது 2017 செப்டம்பரில் வந்தது. நான் வாங்கியது மார்கழியில், முகூர்த்தம் இல்லாமல் கடை ஓய்ந்திருந்தபோது. அக்கா மகன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். திரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கண்ட்ரோலரோடு உட்காருவோம்.

கேமின் தொடக்கத்தில் வரும் ஃபோர்ட் ஜாய் தீவின் கடற்கரையில் மூன்று முதலைகள் இருக்கும். அதில் ஒன்று மட்டும் நிற்கிற இடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைக்கும். ஆளைத் தூக்கிப் போடும் மந்திரக் கையுறையை அது விழுங்கியிருக்கிறது. அதைக் கொன்றால் கையுறை நமக்கு. அப்புறம் கேமின் குணமே மாறிவிடும். மேட்டில் நின்று அம்பு விடுகிறவனைத் தூக்கி நம் ஆட்கள் நடுவில் போடலாம். ஏற முடியாத இடத்துக்கு நம் கூட்டாளியையே தூக்கிப் போடலாம். மழை மந்திரத்தால் தரையை நனைத்து அதில் மின்னலை இறக்கினால், ஈரத்தில் நிற்பவர்கள் எல்லாம் விறைத்துப் போவார்கள். மழை இல்லையா, தரையில் சிந்திய ரத்தமே போதும், அதிலும் கரண்ட் பாயும். இதைக் கண்டுபிடித்தது என் மருமகன், அதுவும் நான் அந்த ரத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது. "சாரி மாமா" என்றான். சண்டை முடியும் வரை சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கவசம். ஒன்று ஆயுத அடியைத் தாங்கும், இன்னொன்று மந்திரத்தை. கத்திக்காரனும் மந்திரவாதியும் ஒரே எதிரியை அடித்தால், ஆளுக்கொரு கவசத்தைக் கரைத்து உழைப்பு இரண்டாகப் பிரிந்துபோகும். இத்தனை சுதந்திரம் கொடுத்துவிட்டு, நாலு பேரையும் ஒரே வகை ஆளாக மாற்றத் தூண்டுகிற விதி எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேம் பிடித்துப்போனதால் ஸ்டுடியோவின் பழைய சரக்கையும் தள்ளுபடியில் வாங்கிப் பார்த்தேன். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1996-ல் ஸ்வென் விங்கே தொடங்கிய கம்பெனி இது. பெரிதாகத் திட்டமிட்ட முதல் ரோல் பிளேயிங் கேம் 1999-ல் பாதியிலேயே கைவிடப்பட்டது. 2002-ல் வந்த அடுத்ததற்கு அவர்கள் வைத்த பெயர் ஒன்று, வெளியீட்டாளர் பிடிவாதமாக மாற்றிய பெயர் டிவைன் டிவினிட்டி. 'தெய்வீகத் தெய்வீகம்' என்று பேனர் அடித்த மாதிரி இருக்கும். காசு கொடுக்கிறவர் சொல்கிற பெயரை நாங்களும் அப்படியேதான் அடிக்கிறோம், யாரைக் குறை சொல்வது! அதில் சண்டை மௌஸைத் தட்டிக்கொண்டே இருக்கிற வகை, எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் இசைக்காகவே கொஞ்ச நாள் ஆடினேன். கிரில் போக்ரோவ்ஸ்கி போட்டது. அவர் 2015-ல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு போரிஸ்லாவ் ஸ்லாவோவ் இசையமைக்கிறார்.

2009-ல் டிவினிட்டி 2 வந்தது. அந்தக் காலமெல்லாம் அவர்களுக்குப் பண நெருக்கடிதான். பிறகு செய்த காரியம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வெளியீட்டாளரை விட்டுவிட்டு ஆடுபவர்களிடமே அட்வான்ஸ் கேட்டார்கள். 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் என்கிற, பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளத்தில் கேட்டது 4 லட்சம் டாலர், வந்தது 9 லட்சத்து 44 ஆயிரம். அதில் முடித்ததுதான் 2014-ல் வந்த முதல் ஒரிஜினல் சின். இரண்டாம் பாகத்துக்கு 5 லட்சம் கேட்க, 20 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது.

அட்வான்ஸ் வாங்கியதோடு ப்ரூப்பும் காட்டினார்கள். எங்கள் தொழிலில் பத்திரிகை அடிக்குமுன் வீட்டாருக்கு ஒரு ப்ரூப் போகும். பெரியப்பாவின் இனிஷியல் விட்டுப்போனது, சம்பந்தி ஊர்ப்பெயர் தப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். ஏர்லி ஆக்ஸஸ் என்று லாரியன் விற்பது அந்த ப்ரூப்தான். முழுதாக முடிக்காத கேமை முன்கூட்டியே கொடுத்து, ஆடுபவர்கள் சொல்கிற திருத்தங்களைப் போட்டு, அப்புறம் வெளியிடுவது.

ஒரிஜினல் சின் 2-க்கும், அதற்குப் பிறகு செய்த பெரிய கேமான பால்டர்ஸ் கேட் 3-க்கும் ப்ரூப்பாகக் காட்டியது முதல் அத்தியாயம் மட்டும். அது ஆடும்போதே தெரியும். ஃபோர்ட் ஜாயில் ஒவ்வொரு கதவுக்கும் நாலு வழி, ஒவ்வொரு எலிக்கும் ஒரு வசனம். கடைசி ஊரான ஆர்க்ஸ் போனால், அவசரத்தில் லேஅவுட் போட்ட மாதிரி கதை அங்கங்கே பிரிந்து நிற்கும். 2018 ஆகஸ்டில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று ஒரு திருத்திய பதிப்பை, ஏற்கெனவே கம்ப்யூட்டரில் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் ஆர்க்ஸை நிறையத் திருத்தியிருந்தார்கள். இரண்டாம் தடவை ஆடியபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அச்சடித்த ஃப்ளெக்ஸை நான் திருத்த முடியாது, கிழித்துவிட்டு மறுபடி கைக்காசில் அடிக்க வேண்டும்.

பால்டர்ஸ் கேட் 3-இன் ப்ரூப் 2020 அக்டோபரில் வந்தது. அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முழு கேம் 2023 ஆகஸ்ட் 3 அன்று, நம் நேரப்படி இரவு எட்டரைக்கு வந்தது. அன்று ஆடிப்பெருக்கு. ஆடி மாதம், ஒரு கல்யாண பேனர் கிடையாது. எனக்காகவே தேதி குறித்த மாதிரி இருந்தது. ஆனால் 150 ஜிபி இடம் கேட்கிற கேம் அது, எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்கும் வேண்டும். நடுவில் இரண்டு தடவை நெட் லைன் அறுந்து, மூன்றாம் நாள்தான் இறங்கி முடிந்தது.

இதில் பேசுவது, பூட்டைத் திறப்பது எல்லாவற்றுக்கும் இருபது முகமுள்ள பகடை உருளும். ஒருநாள் கடைக்கு வந்த அம்மா, நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பகடையில் ஒன்று விழுந்தது. "தாயம் விழுந்திருக்கு, ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருக்க?" என்றார். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயே இறங்கும். இதில் ஒன்று என்றால், எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்விதான். விளக்கிச் சொன்னேன். "கிறுக்குப் பயலுக வெளாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்துத் தோப்பில் ஒரு மாடு நிற்கும். விலங்குகளோடு பேசும் மந்திரம் போட்டுப் பேச்சுக் கொடுத்தால், அதன் பதிலில் ஏதோ உதைக்கும். "மாமா, இது மாடே இல்ல" என்றான் மருமகன். அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு பார்த்து வளர்ந்தவன், அவன் சொன்னது சரிதான். ஓரமாக நிற்கிற ஒரு மாட்டுக்குக்கூட இப்படி ஒரு கதை.

ப்ரூப்பில் வராத மூன்றாம் அத்தியாயத்தில், ஆர்க்ஸில் பார்த்த பழைய குறை திரும்பியது. நகரத்துக்குள் நுழைந்தால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூண் மாதிரி கூட்டம். அத்தனை பேரையும் அசைக்க முடியாமல் என் பழைய பிராசசர் திணறியது. கிராபிக்ஸ் கார்டில்தான் கோளாறு என்று நினைத்து, ஒரு கடையில் யாரோ ஆடிக் கழித்த கார்டை வாங்கிப் போட்டேன். திணறல் குறையவில்லை, கார்டும் இரண்டு மாதத்தில் செத்தது. "கேம் ஆடுனா அப்படித்தான் சார்" என்றார் கடைக்காரர். பிராசசரை மாற்றிய பிறகுதான் சரியானது. நடுவில் வந்த பேட்ச்களும், அதாவது லாரியன் அனுப்பிய திருத்தங்களும், அந்த ஊரை லேசாக்கின. கார்லாக் என்கிற கூட்டாளியின் முடிவு அரைகுறையாக இருக்கிறது என்று ஆடியவர்கள் முறையிட்டதும் அந்த மாதமே நீட்டினார்கள். நவம்பர் கடைசியில் கூட்டாளிகள் எல்லோரும் மறுபடி கூடுகிற ஒரு கடைசிக் காட்சியையே புதிதாகச் சேர்த்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச் வரை எதற்கும் தனிக்காசு வாங்கவில்லை. அதில் மட்டும் 12 புதிய உபவகுப்புகள், அதாவது நம் ஆளின் தொழிலுக்குள் தேர்ந்தெடுக்கும் கிளைகள். இதற்குத் தொடர்ச்சி செய்யப்போவதில்லை என்று விங்கே 2024-லேயே சொல்லிவிட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தமிழ் சப்டைட்டில் கிடையாது, வாசிக்க வேண்டிய ஆங்கிலமோ மலை மாதிரி. முதல் இரண்டு மாதம் நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடினேன். அப்புறம், பால்டர்ஸ் கேட் 3 பெரியவர்களுக்கானது. கடையிலோ கூடத்திலோ வைத்து ஆடுவதாக இருந்தால், ஆடையில்லாக் காட்சிகளை மறைக்கும் வசதியை செட்டிங்ஸில் முதலிலேயே போட்டுவிடுங்கள். பத்திரிகைக்கு ப்ரூப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் முன்னால் நான் மானிட்டரை அணைத்த வேகம் எனக்குத்தான் தெரியும். புதிதாக வருபவர்கள் ஒரிஜினல் சின் 2-ல் ஆரம்பிக்கலாம். ஆறேழு வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையின் தள்ளுபடியில் விலையும் நன்றாக இறங்கும்.

இப்போது நானும் மருமகனும் பால்டர்ஸ் கேட் 3-ஐ ஹானர் மோடில் ஆடுகிறோம். ஒரே சேவ்தான், எல்லோரும் செத்தால் அவ்வளவுதான். போன தடவை அவன் வந்தபோது இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சண்டையை நடுவில் விட்டுவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினான். அங்கே ஷிஃப்ட் வேலை. திரையில் அவன் முறை நிற்கிறது, நான் தொடக்கூடாது என்று ஒப்பந்தம். சித்திரைத் திருவிழாவுக்குத்தான் அவனுக்கு லீவு. எதிர்சேவை பேனர்களுக்கு ஆர்டர் குவிகிற நேரமும் அதுதான், இருப்பதும் ஒரே கம்ப்யூட்டர்.