அரை எச்.பி. டிரைனேஜ் பம்ப்: பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குப் போதுமா?

சென்னையில் ஐப்பசி மழை பிடித்தால் ஹார்டுவேர் கடைகளில் முதலில் விற்றுத் தீர்வது ஃப்ளோட் (தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பி பம்பை ஆன் செய்யும் சுவிட்ச்) வைத்த, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் அரை எச்.பி. (0.37 கிலோவாட்) சப்மெர்சிபிள் டிரைனேஜ் பம்ப்தான். சின்ன அடுக்ககத்துக்கு நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

‘ஹெட் 10 மீட்டர், நிமிஷத்துக்கு 180 லிட்டர்’ என்று இருந்தால் (ஹெட் என்பது தண்ணீரை ஏற்றும் உயரம்), இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 10 மீட்டர் உயரத்தில் தண்ணீரே வராது. 180 லிட்டர் என்பது ஏற்றமே இல்லாதபோது வரும் அளவு. பேஸ்மென்ட்டில் தண்ணீர் சேரவிட்டு பம்ப் வைக்கும் குழியின் அடியிலிருந்து தெரு மட்டத்துக்கு மேல் வரை 5 மீட்டர் என்றால் சுமார் 90 லிட்டர்தான் எதிர்பார்க்கலாம். எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் ஹெட்–டிஸ்சார்ஜ் அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை இஞ்ச் அவுட்லெட்டில் ரெட்யூசர் போட்டு ஒரு இஞ்ச் பைப் இழுத்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும்.

90 லிட்டர் போதுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 4க்கு 12 மீட்டர் ராம்ப்பில் மணிக்கு 60 மி.மீ. கொட்டினால் நிமிஷத்துக்கு 48 லிட்டர் இறங்கும்; பம்ப் சமாளித்துவிடும். 150 சதுர மீட்டர் மொட்டைமாடித் தண்ணீரும் ராம்ப் பக்கம் விழுந்தால் 198 லிட்டர். அப்போது இன்னொரு பம்ப் வாங்குவதைவிட மாடிக் குழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுவதே மலிவு.

பம்ப் ‘ஓடவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும், சிக்குவது ஃப்ளோட். சின்னக் குழியில் அது சுவரிலோ பைப்பிலோ ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாது. 60க்கு 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம் இருந்தால் ஃப்ளோட் தாராளமாக ஆடும். 40 செ.மீ.யில் ஆன், 15 செ.மீ.யில் ஆஃப் ஆகும்படி அதன் ஒயரைக் கிளிப்பில் மாட்டினால், ஒவ்வொரு முறையும் 90 லிட்டர் வெளியேறும். 30 செ.மீ. விட்டமுள்ள குழியில் இதே இடைவெளிக்கு 18 லிட்டர்கூடத் தேறாது. பம்ப் அடிக்கடி ஆன் ஆகி ஆஃப் ஆகும், மோட்டார் காயில் சூடாகும்.

பைப்பில் ஏறிய தண்ணீர் குழிக்கே திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். ஆனால் வால்வுக்கும் பம்புக்கும் நடுவே பைப்பில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பம்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. ஓடும்போது அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் பீச்சும், அது கோளாறு இல்லை. பல பிளம்பர்கள் அதைப் பார்த்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

பம்பை வண்டல் மேல் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். தூக்குவதற்குக் கயிறு கட்டுங்கள். கேபிளைப் பிடித்து இழுத்தால் சீல் (பம்புக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) வழியாகத் தண்ணீர் இறங்கும். குழியில் எண்ணெய் மிதந்தால் அது பம்புக்குள்ளிருந்து கசிந்ததாக இருக்கலாம்; கார் எண்ணெய் இல்லை என்று உறுதியானதும் பம்பைக் கழற்றிச் சீலைப் பார்க்க வேண்டும். கேபிள் ஜாயின்ட் தண்ணீருக்குள் கூடவே கூடாது. மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். சுவிட்ச் போர்டு தரைத்தளத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மின்சாரத்தை அணைக்காமல் யாரும் தேங்கிய தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். கனமழையில் கரண்ட் போய்விடும் என்பதால், இந்த பம்பை ஜெனரேட்டர் லைனில் சேர்க்காவிட்டால் வாங்கியும் பயனில்லை.

சுவர்க் கசிவை இது நிறுத்தாது. கசிந்ததை வெளியேற்றும், அவ்வளவுதான். தெருவெள்ளத்துக்கும் இது ஈடு கொடுக்காது. 4 மீட்டர் அகல ராம்ப்பில் 5 செ.மீ. உயரத் தண்ணீர், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நுழைந்தால் நிமிஷத்துக்கு 6,000 லிட்டர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருநீர் புகுந்த பேஸ்மென்ட்களில் இந்த ரக பம்பால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தெரு மட்டம் உங்கள் வாசலைவிட உயர்ந்திருந்தால், முதலில் ராம்ப் உச்சியில் மேடு கட்டுங்கள். பம்ப் அதற்கடுத்த செலவு.