இரட்டைக் கிளிக் தொல்லை: என் வயர்லெஸ் மவுஸ் அனுபவம்

மவுஸைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்தாயிற்று. இடது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் இப்போது ஒரு தடவைதான் பதிகிறது. இதற்கா இத்தனை அலைச்சல் என்ற எரிச்சல் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறப்போட்டால் நல்லவிதமாக எழுதித் தொலைப்பேன்.

எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. ரிசீவரை யூஎஸ்பியில் செருகி, ஒற்றை ஏஏ செல் போட்டு ஓட்டுகிற, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண ரகம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை செய்கிறேன். திருமணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று காலையில் பிடித்த மவுஸைக் கடை சாத்தும்போதுதான் விடுவேன்.

ஒரு கிளிக் இரண்டாகப் பதிவதுதான் தொல்லை. ஃபைலைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துகொள்ளும். பிரவுசரில் ஒரு டேபை மூடினால் பக்கத்து டேபும் சேர்ந்து போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்திரிகை வடிவமைக்கும் கோரல்டிரா மென்பொருளில், தேர்ந்தெடுத்த எழுத்தின் மேல் மறுபடி கிளிக் விழுந்தால் மூலைகளில் சுழற்றும் அம்புகள் வந்துவிடும். மணமகன் பெயரைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று மூலையைப் பிடித்து இழுத்தால் பெயர் அப்படியே சாயும். எதிரில் பெண் வீட்டார் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “மாப்பிள்ளை பெயர் ஏன் இப்படிச் சாய்கிறது?” என்று ஒரு பெரியவர் சகுனம் பார்க்கிற குரலில் கேட்டார். மவுஸ் கோளாறு என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதன் பிறகு சுவரெல்லாம் ஈரம் கோத்துக் கிடந்த நாட்களில்தான் இது தலைகாட்டியது. சித்திரை வெயிலில் அடங்கியது. ஐப்பசி பிறந்ததும் திரும்ப வந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் பக்கம் இரும்பு கேட் வைத்தவர்களைக் கேட்டால் உப்புக் காற்றின் குணம் தெரியும். மவுஸ் பொத்தானுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து தொடுபுள்ளியில் படுகிறது. படும்போது எப்போதுமே சில மில்லிசெகண்ட் துள்ளும்; அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடும்படிதான் மவுஸ்களைச் செய்கிறார்கள். தகடு தளர்ந்துவிட்டாலோ, தொடுபுள்ளியில் ஆக்சைடு படலம் படிந்துவிட்டாலோ துள்ளல் நீண்டு, இரண்டாவது கிளிக்காகப் பதிவாகிவிடுகிறது.

வயர் மவுஸிலும் இதே சுவிட்ச்தானே என்றால், ஆமாம். இந்தக் கோளாறு அதற்கும் வரும். ஆனால் செல்லில் ஓடும் மவுஸ் மின்சாரத்தை மிச்சம் பிடித்தாக வேண்டும். சுவிட்சுக்குள் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், படிந்த படலத்தை உடைக்க அதற்குத் தெம்பு இருக்காது. செல் நெடுநாள் வருகிறது என்று பெட்டியில் பெருமையாக அச்சடிக்கிறார்களே, அந்தச் சிக்கனத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

வாரண்டி முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சர்வீஸ் சென்டரில் பில்லின் தேதியைப் பார்த்தார்களே தவிர மவுஸைக் கையில்கூட வாங்கவில்லை. கடைசியில் கைகொடுத்தவர் செல்போன் பழுதுபார்க்கும் ஒரு தம்பிதான். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை நகத்தால் நெம்பி எடுத்தார். திருகுகள் அவற்றுக்குக் கீழே ஒளிந்திருந்தன. இன்னொன்று செல் வைக்கும் இடத்தில், ஸ்டிக்கருக்குப் பின்னால். “வலது பொத்தானை நீங்கள் அதிகம் அழுத்தியிருக்க மாட்டீர்கள் அண்ணா” என்று சொல்லி, வலப்பக்கத்துச் சுவிட்சைக் கழற்றி இடப்பக்கம் மாற்றினார். மூன்று கால்கள், மூன்று சொட்டு ஈயம். வலப்பக்கத்துக்கு வேறு ஏதோ மவுஸிலிருந்து எடுத்த சுவிட்ச். அதனால் இப்போது இடது பொத்தான் மெதுவாகவும் வலது பொத்தான் ‘டக்’கென்றும் பேசுகின்றன.

ரிசீவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் ஃபைல் ஏறும்போதெல்லாம் திரையில் அம்பு விக்கி விக்கி நகர்ந்தது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல், இந்த மவுஸ்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஹார்ட் டிஸ்கிலிருந்து தள்ளி வைத்தால் சரியாகிவிடும். வைத்தேன், ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி. வயர் இல்லாத மவுஸுக்கு ஒரு முழ வயர்!

திட்டிக்கொண்டே இருந்தால் பாவம். செல் மாற்றியது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும், அவ்வளவு நாள் வருகிறது. மேஜையில் புரூஃப் தாள்கள் குவிந்து கிடந்தாலும் வயர் எதையும் இழுத்துத் தள்ளுவதில்லை. வாடிக்கையாளரிடமே மவுஸைக் கொடுத்து, எந்த இடத்தில் எழுத்து வேண்டும் என்று காட்டச் சொல்ல முடிகிறது. கைக்கு அடக்கம். நடுவில் வயர் மவுஸுக்குத் திரும்பி இரண்டு நாள் ஓட்டியபோது மணிக்கட்டைக் கட்டிப்போட்டது போலிருந்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து என் மைத்துனர் இந்த நேரம் பார்த்துக் கேட்கிறார்: “மாமா, நேரு வீதியில் விலை இறக்கியிருக்கிறார்கள், வாங்கட்டுமா?” வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்கக் கிளிக் செய்கிறவர்களுக்கு, கடலோரத்தில், இந்த விலை ரகம் சரிப்படாது. 300, 400 ரூபாய்க்கு வயர் மவுஸ் கிடைக்கிறது. கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம். எப்போதாவது லேப்டாப்பைத் திறக்கிறவர் என்றால் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மேலே ரப்பர் பூச்சு போட்டதை எடுக்க வேண்டாம். இந்த ஈரக் காற்றில் அது நாளடைவில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும், கடைத் தாளில் மை ஒரு கோடைக்குள் வெளுத்துவிடுகிறது.

விலை எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். எனக்குத்தான்.