கோடை மலைப்பயணத்துக்கு எந்த டவுன் ஸ்லீப்பிங் பேக்? மூன்று வகைகள், ஓர் அலசல்

ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் இரவுக் குளிர் பெரும்பாலும் 12, 13 டிகிரியோடு நின்றுவிடும். ஏற்காட்டில் அதுவும் இருக்காது. ஆனால் அங்கே டென்டில் தங்கப் போகிறவர்களில் பலர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஜீரோ டிகிரி பையை வாங்கிவிடுகிறார்கள். படுத்தவுடன் சுகமாக இருக்கும். நள்ளிரவில் வியர்க்கும். ஜிப்பைத் திறந்தால் தோள் குளிரும், மூடினால் கால் புழுங்கும். அந்த வியர்வை உள்ளே அடைத்திருக்கும் தூவியில் (டவுன் என்பது இதுதான், வாத்தின் மெல்லிய உள்ளிறகு) இறங்கினால் அது உப்புவது குறைந்து, அடுத்த இரவு பை தரும் கதகதப்பும் குறையும். அதனால் கோடைக்குப் பை பார்க்கும்போது எடைக்கு முன்னால் அது எப்படித் திறக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் லேபிளில் உள்ள எண்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பையில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் அளவு. நாம் ஆணோ பெண்ணோ, வெயிலூரில் பழகிய உடம்புக்கு 12 டிகிரியே கடுங்குளிர்தான். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் நம்புங்கள். கோடைக்கு அது 8 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

அடுத்து ஃபில் பவர். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிற்கிறது என்பதுதான் இந்த எண். 850 உசத்தி என்பார்கள், உண்மைதான். ஆனால் கோடைப் பைக்குள் இருப்பதே 200 கிராம் சொச்சம் தூவிதான். 850 ரகத்தில் 200 கிராம் தரும் பருமனை 650 ரகத்தில் பெற 260 கிராம் வேண்டும். வித்தியாசம் 60 கிராம். இதற்காக விலையை ஏற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பனிமலைக்கான கனமான பையில்தான் உயர்ந்த ரகத்தின் அருமை தெரியும்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

முதலாவது, தலைக்கு ஹூட் வைத்த, பாதி ஜிப் உள்ள, காலை நோக்கிக் குறுகும் மம்மி பை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் மவுண்டனீயரிங் நிறுவனத்தின் ‘ஹைலைட்’ இந்த ரகம். அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் 2 டிகிரி வரை தாங்கும் என்பார்கள். எடைக்கு எடை கதகதப்பு என்று பார்த்தால் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் எடையைக் குறைக்கத்தான் ஜிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்கள், உடம்போடு ஒட்டித் தைக்கிறார்கள். காலை வெளியே நீட்ட வழியில்லை. நம் கோடைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, சுற்றிலும் ஜிப் வைத்து முழுதாக விரிக்கக்கூடிய பை. ஆஸ்திரேலியாவின் சீ டு சம்மிட் தயாரிக்கும் ‘டிராவலர்’ இப்படித்தான். ஜிப்பை முழுக்கத் திறந்தால் போர்வை, மூடினால் பை. காற்று வீசும் மலைமேட்டிலும் படுக்கலாம், ரயிலிலும் போர்த்திக்கொள்ளலாம். நீளமான ஜிப்பால் கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: ஜிப்பை வேகமாக மேலும் கீழும் இழுத்து, துணியைக் கடிக்கிறதா என்று சோதியுங்கள். இந்தப் பைகளில் வரும் 10 டெனியர் (டெனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) போன்ற நைலான் மிக மெல்லியது. இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு ஜிப்பை இழுத்தால் கிழிந்து தூவி கொட்டிவிடும். ஜிப்பின் உள்பக்கம் கொஞ்சம் விறைப்பான பட்டை தைத்திருந்தால் நல்லது.

மூன்றாவது குவில்ட். அடிப்பக்கமே இல்லாத தூவிப் போர்வை. உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தூவி குளிரைத் தடுக்காது, அந்த வேலையைப் பார்ப்பது கீழே விரிக்கும் மேட்தான். அதனால் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். என்லைட்டண்ட் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ‘ரெவலேஷன்’ குவில்ட்டில் கால்பகுதியை ஜிப்பாலும் நாடாவாலும் மூடிக்கொள்ளலாம், புழுங்கினால் முழுதாக விரித்துவிடலாம். அதே நிறுவனத்தின் ‘எனிக்மா’வில் கால்பகுதியைத் தைத்தே மூடியிருப்பார்கள், கோடைக்கு அது வேண்டாம். புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு ஓரங்களில் காற்று நுழையும். மேட்டோடு பிணைக்கும் பட்டைகள் ஓரளவு தடுக்கும். குவில்ட்டுக்குச் சொல்லப்படும் டிகிரி பெரும்பாலும் தயாரிப்பாளர் கணிப்புதான், ஆகவே ஐந்து டிகிரி கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு? மல்லாந்து அசையாமல் தூங்குகிறவர், நல்ல மேட் வைத்திருக்கிறவர் என்றால் குவில்ட். முதல் பை வாங்குகிறவர்களுக்கும் வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கும் இரண்டாவது வகைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போவதென்றால் இந்த மூன்றுமே வேண்டாம். நனைந்த தூவி கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், அந்த ஈரக்காற்றில் காயவும் காயாது. பாலியஸ்டர் அடைத்த பை கனமாகவும் பருமனாகவும் இருந்தாலும், ஈரத்தில் கைவிடாது.

கடைக்குப் போனால் பைக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். தூவி ஒரே சீராகப் பரவியிருக்கிறதா, எங்காவது வெறுமையாக வெளிச்சம் தெரிகிறதா என்பது பளிச்சென்று தெரியும். ஆர்டிஎஸ் முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். உயிரோடு இருக்கும் வாத்திடமிருந்து பிடுங்காத தூவி என்பதற்கான சான்று அது. அது இல்லாத பையை நான் வாங்குவதில்லை.