ஷாக் கருவியா, மிளகாய் ஸ்பிரேயா, துப்பாக்கியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில், இரவு வேலை முடிந்து மினிபஸ் டாக்ஸியில் வந்து இறங்கி, இருட்டில் மேடேறி வீட்டுக்குப் போகிறவள் என் அக்கா மகள். "மாமா, பையில எதை வச்சுக்கிட்டா போலீஸ் தொல்லை இருக்காது?" என்று கேட்டாள். தொல்லை இல்லாதது வேறு, ஆபத்தில் கைகொடுப்பது வேறு.

துப்பாக்கிதான் பெரிய வேலை. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 21 வயது நிரம்ப வேண்டும், பயிற்சி எடுத்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டகம் வேண்டும். தற்காப்புக்கு ஒரே ஒரு துப்பாக்கி; ஐந்தாண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதில் 13-ஆம் பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. துப்பாக்கி இல்லாமல் வேறு எந்த நியாயமான வழியிலும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்று விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். "ஸ்பிரே வச்சுக்கலாமே?" என்று அதிகாரி கேட்டால் பதில் வேண்டும். இத்தனையும் தாண்டி வாங்கினாலும், துப்பாக்கிக்காகவே குறிவைத்துக் கொள்ளையடிப்பவர்கள் இந்த ஊரில் உண்டு.

மின்சாரம் பாய்ச்சும் ஷாக் கருவிக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. எரியும் மருந்தின் விசையில் குழல் வழியே குண்டை உமிழ்வதுதான் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. உடம்பில் வைத்து அழுத்தும் கருவி அதில் சேராது, லைசென்ஸ் வேண்டாம். அதற்காக எதுவும் செய்யலாம் என்றில்லை. 2013-ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டம் பொருளைவிட நோக்கத்தைத்தான் பார்க்கிறது. எங்கே, எந்த நேரத்தில், எப்படி வைத்திருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்பதை வைத்து, தவறான காரியத்துக்குத்தான் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை. (மத நிகழ்ச்சிகளுக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது, தைப்பூசத்துக்கு அலகு குத்துகிறவர்கள் பயப்பட வேண்டாம்.)

இதே கருவியோடு லண்டன் போய் இறங்கினால் கதை வேறு. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷாக் கருவி, மிளகாய் ஸ்பிரே இரண்டுமே தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டம்: 18 வயதானவர் வாங்கலாம், தக்க காரணமின்றி வெளியே கொண்டுபோகக் கூடாது.

சட்டத்தில் எளிது சரி, ஆபத்தில் எப்படி? கடைக்காரர் "லட்சக்கணக்கான வோல்ட்" என்பார். உடம்பில் பாயும் மின்னோட்டம் சொற்பம்தான்; வோல்ட் கணக்கு விளம்பரத்துக்கு. கம்பியோடு ஊசி எய்யும் டேசர் தசையைப் பூட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டார்ச் மாதிரிக் கருவி வலியை மட்டும் தரும், அதுவும் தொட்டால்தான். கத்தியோடு வருகிறவனைத் தொடும் தூரத்துக்கு விடுவதா? தடித்த ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த வலியும் பாதிதான்.

மிளகாய் ஸ்பிரேக்கும் லைசென்ஸ் இல்லை. சில அடி தள்ளி நின்றே அடிக்கலாம். டர்பனின் கடல்காற்றுதான் எதிரி, திரும்பி நம் கண்ணிலேயே விழும். ஜெல் வகை என்றால் அந்தத் தொல்லை குறைவு. டாக்ஸிக்குள் மட்டும் எதையுமே அடித்துவிடக் கூடாது. விமானத்திலும் ஏற்ற முடியாது, செக்-இன் பெட்டியில்கூட.

எதுவானாலும் ஒரு விஷயம்: தாக்குகிறவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை, வழக்கு நம் மேலேயே திரும்பும்.

அவள் ஜெல் ஸ்பிரே வாங்கி, பைக்குள் போடாமல் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறாள். அக்கா வாங்கி வைத்த ஷாக் டார்ச் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.