'ஃபுல் ரீபில்ட்' என்று சொல்லி அசல் ஜெட்டுகளைத் தூக்கிவிடுகிறார்கள்: பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை யாரிடமாவது கழற்றக் கொடுக்கும் யோசனையில் இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டியில் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் இரைந்துகொண்டே இருக்கும். பழைய வண்டிகளுக்கென்றே பெயர் வாங்கிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பார்த்த மாத்திரத்தில், "கார்ப் போச்சு சார், ஃபுல் ரீபில்ட் பண்ணணும்" என்றார்கள். வேறு எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது இன்ஜினை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தார்கள். ஆக்சிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டிருந்ததால் ஆஃப் ஆகாமல் நின்றது. மறுநாள் காலையில்தான் உண்மை தெரிந்தது. கறுப்புப் புகை, பிக்கப் இல்லை, நிறுத்திய இடத்தில் ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. கலவை சரியாக இருந்தால் பிளக்கின் நுனி வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் காற்று அதிகம்.

திரும்பக் கொண்டுபோனேன். "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்று பதில் வந்தது. இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கார்புரேட்டர் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையிட்ட பித்தளைத் துண்டுகளும் (ஜெட்), ஊசியும் (நீடில்), மிதவையும்தான் (ஃப்ளோட்). துளையின் அளவு தப்பாக இருந்தால் எவ்வளவு ஓட்டினாலும் தப்பாகவே இருக்கும்.

பிறகு ஒரு பையன் வந்து பக்கவாட்டு ஸ்க்ரூவை அப்படியும் இப்படியும் திருகினான். அது எந்த ஸ்க்ரூ என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவை ஸ்க்ரூ, உள்ளே திருகினால் குறையும். இரண்டும் நேர் எதிர். எதுவாக இருந்தாலும் ஐடிலிங்கிலும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போதும்தான் அதற்கு வேலை. அதற்கு மேலே பாதித் திருகலைச் சுற்றி நீடில்தான் அளக்கிறது, முழுக்கத் திருகினால் மெயின் ஜெட். தப்பான மெயின் ஜெட்டை ஒரு பக்கவாட்டு ஸ்க்ரூவால் சரிசெய்யவே முடியாது.

கடைசியில் நானே கீழ்க்கிண்ணத்தைக் கழற்றினேன். மூலையில் பழைய வண்டல் அப்படியே படிந்திருந்தது. சுத்தம் செய்ததாகப் பில்லில் தனி வரி போட்டிருந்தார்கள்! மெயின் ஜெட்டில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. கார்புரேட்டர் தயாரிக்கும் மிகுனி நிறுவனத்தின் அசல் ஜெட் என்றால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரையும் அளவு எண்ணும் இருக்கும். நீடிலையும் மாற்றி, அதன் உயரத்தை வைக்கும் கிளிப்பை நடுப் பள்ளத்தில் குத்துமதிப்பாக மாட்டியிருந்தார்கள். ஃப்ளோட்டின் உயரத்தை அளந்த மாதிரியே தெரியவில்லை, பெட்ரோல் சொட்டியதற்குக் காரணம் அதுதான். இப்படி நிரம்பி வழிவது இன்ஜினுக்குள் இறங்கினால் ஆயிலோடு கலந்துவிடும். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கழற்றிய அசல் பாகங்களைக் கேட்டேன். "தேஞ்சு போச்சு, குப்பையில போட்டாச்சு" என்றார்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பித்தளை ஜெட் அவ்வளவு எளிதில் தேயாது. அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்தால் திறந்துவிடும் (கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்படிச் செய்யவும் விடாதீர்கள்). நீடிலும் அது நுழைந்து ஏறியிறங்கும் நீடில் ஜெட்டும் நாள்பட உரசித் தேயும், உண்மைதான். ஆனால் அதற்குப் பதில் அதே எண்ணுள்ள அசல் பாகம் போட வேண்டும். மலிவு ரிப்பேர் கிட்டில் வாங்கத் தகுந்தது பெரும்பாலும் கேஸ்கெட்டும் ஓரிங்கும்தான், அதில் வரும் பித்தளை அல்ல.

இத்தனைக்கும் கோளாறு கார்புரேட்டரில் இருக்கவே இல்லை. கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரில் மெல்லிய வெடிப்பு. அந்த வழியாகக் காற்று உள்ளே போனதால்தான் வேகம் இறங்காமல் நின்றிருக்கிறது. ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன், இன்ஜின் சத்தம் மாறியது. அவ்வளவுதான் சோதனை. தீப்பற்றும் ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜினில் அடித்துப் பார்க்காதீர்கள்.

ஆகவே கொடுப்பதற்கு முன் அந்த ரப்பரைப் பார்த்துவிடுங்கள். ஜெட் எண்களையும் கிளிப் இருக்கும் பள்ளத்தையும் அவர்களைக் கழற்றச் சொல்லி உங்கள் கண்முன்னே போட்டோ எடுங்கள். பழைய பாகம் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விடவே வேண்டாம்.

கொடுத்த பணம் திரும்பவில்லை. சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்படி ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டும் மெயின் ஜெட்டும் வாங்கி மாட்டிவிட்டேன், ரப்பரையும் மாற்றியாயிற்று. என் மாடலுக்கான அசல் நீடில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. உடைத்துப் பாகம் விற்கும் இடங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.