614,000 கிலோமீற்றர் ஓடிய எங்கள் ஹைலக்ஸ்: பதினைந்து ஆண்டு அனுபவம்

போன மாதம் பரந்தனில் எங்கள் மெக்கானிக் அண்ணை பிக்கப்புக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, சிறிய சுத்தியலால் சேசிஸை, அதாவது வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டு போனார். முன்னிருந்து பின்னுக்கு, ஒரு சாண் இடைவெளியில். டிங், டிங் என்று வந்த சத்தம், இடப்பக்கப் பின் வில்லுத் தகட்டின் கொழுக்கிக்கு மேலே டொக் என்று மாறியது. அதே இடத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். துரு செதில் செதிலாக அவருடைய மார்பில் கொட்டியது.

"தம்பி, எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதையும். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் நெல் மூட்டையோடு நடுவால் முறிந்திருக்கும்" என்றார்.

வாகனம் 1992ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், எல்.என்.106. உள்ளே இருப்பது 3எல் என்ற பெயருடைய டீசல் எஞ்சின். 2779 சீசீ, ரேர்போ இல்லை, கணினி இல்லை. 2010இல் வவுனியாவில் வாங்கியபோது மீற்றர் 268,000 காட்டியது. இன்று 614,000. உரம், விதைநெல், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி என்று ஓட்டத்தில் பெரும்பகுதி ஏ9 வீதியில்தான்.

பழைய பிக்கப்பை நெடுங்காலம் ஓட்டுவது பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் எஞ்சின் ஒயிலில்தான் தொடங்குகிறார்கள். ஒயில் முக்கியம்தான், 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, ஏறக்குறைய 6 லீற்றர், பில்டரோடு சேர்த்து மாற்றுகிறேன். அதில் பேச அதிகம் இல்லை. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் என் வாகனத்துக்கு வந்த பெரிய கேடுகளில் அநேகமானவை தண்ணீரால் வந்தவை. கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், வெள்ளத் தண்ணீர், டீசலுக்குள் இருந்த தண்ணீர்.

சேசிஸ் துருப்பிடித்தது என் பிழை. இரண்டு வருடம் முல்லைத்தீவிலிருந்து மச்சானின் மீன் பெட்டிகளை ஏற்றினேன். ஐஸ் உருகி, உப்பும் மீன் இரத்தமும் கலந்த தண்ணீர் தட்டின் இடுக்குகளால் வடிந்து நேராகச் சேசிஸின் மேல் விழுந்தது. தட்டைக் கழுவினேன், அடியைக் கழுவவில்லை. போதாததற்கு ஆனையிறவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் களப்பு; அங்கே காற்றிலேயே உப்பு. சேசிஸ் என்பது உள்ளே வெற்றிடமான பெட்டி. வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளே சேறும் உப்பும் தங்கி அரித்துக்கொண்டிருக்கும். இப்போது மீன் ஏற்றுவதில்லை. மாதம் ஒருமுறை சேசிஸின் துளைகளுக்குள் குழாயை நுழைத்து, தெளிந்த தண்ணீர் வெளியே வரும்வரை விடுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு ஒயில் பூசுகிறோம். சேர்விஸ் நிலையங்களில் கழிவு ஒயிலை அடிமுழுவதும் விசிறிவிடுகிறார்கள். அதை நான் விரும்புவதில்லை. றப்பர் புஷ்கள் ஒயிலில் ஊறிப் பருத்துக் கெட்டுப்போகும். நேரம் பிடித்தாலும் தூரிகையால் இரும்பில் மட்டும் பூசுங்கள்.

கிணற்றுத் தண்ணீரின் கதை 2013இல். யாழ்ப்பாணம் போகும் வழியில் வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. ரேடியேற்றரைக் கழற்றிப் பிரித்தால், நாள்பட்ட கேத்தலின் அடியைப் போலக் குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு. குடாநாட்டில் சந்தைக்குப் போகும் இடங்களில் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிய சுண்ணாம்புத் தண்ணீர் செய்த வேலை. அத்தோடு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும் தேமோஸ்ரற்றையும் பழைய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருந்தார். "எங்கள் நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை" என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. டீசல் எஞ்சின் 80 பாகைக்கு மேல் சூடாகி நின்றால்தான் எரிபொருள் ஒழுங்காக எரியும். குளிர்ந்தபடியே ஓடினால் டீசலும் கூடக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். தேமோஸ்ரற்றைத் திரும்பப் போட்டோம். அன்றிலிருந்து கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும்தான். அதன்பின் முள் நடுவை விட்டு அசையவில்லை.

2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சிக்காரர் எவருக்கும் மறக்காது. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த அந்த நாட்களில், அயலிலிருந்த வயதானவர்களை ஏற்றிக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் பல தடவை போய்வந்தேன். எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பின் அச்சின் ஒயிலைத் திறந்தபோது பால்தேநீர் நிறத்தில் வழிந்தது. ஓடிச் சூடான அச்சு தண்ணீருக்குள் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள சுவாசக் குழாய் சேற்றால் அடைத்திருந்தால், சீலின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். என் வாகனத்தில் அடைத்துத்தான் இருந்தது. பெயறிங்குகளும் சீல்களும் மாற்றி, குழாயை நீட்டி உயரத்தில் கட்டினோம். வெள்ளத்தில் இறங்கிய வாகனம் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த நாளே ஒயிலைத் திறந்து பாருங்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசல் வரிசையில் இரண்டு இரவு வாகனத்துக்குள்ளேயே தூங்கியிருக்கிறேன். பீப்பாயிலிருந்தும் கானிலிருந்தும் வாங்கிய டீசலில் தண்ணீர் இருந்தது. டீசல் பில்டருக்கு அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு ஜாம் போத்தலில் பிடித்து வெயிலில் வைத்தால், மேலே மஞ்சளாக டீசல், அடியில் கண்ணாடிக் குண்டுமணி போல உருளும் தண்ணீர். அந்த ஒரு சொட்டு பம்புக்குள் போனால் போதும். மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் அது வேறு எஞ்சின். இந்த டீசல் பம்புக்கு மசகு ஒயிலே அதனுள் ஓடும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. கியூஆர் குறியீட்டில் எரிபொருள் ஒதுக்கீடு வரும்வரை வாகனத்தை நிறுத்திவைத்து சைக்கிளில் வயலுக்குப் போனேன். பம்ப் இன்றும் தொழிற்சாலையில் பொருத்திய அதே பம்ப்.

தண்ணீரோடு சம்பந்தமில்லாத இரண்டு விடயங்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டியான டைமிங் பெல்ற்றுக்குக் கணக்கு 100,000 கிலோமீற்றர். அந்த நேரம் மீற்றர்ப் பலகையில் ஒரு விளக்கும் எரியும். நான் விளக்குக்குக் காத்திருப்பதில்லை, 95,000இல் மாற்றிவிடுகிறேன். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பிறகு எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டியதுதான். வாங்கிய வாரத்திலேயே, மீற்றரை நம்பாமல், முதல் பெல்ற் மாற்றினேன். பெல்ற்றை மாற்றும்போது இறுக்கும் உருளையையும் மாற்றுங்கள். ஒருமுறை காசை மிச்சம் பிடிக்க விட்டேன். ஆறு மாதத்தில் அது கிரீச்சிடத் தொடங்கியது. மற்றது, எஞ்சினைத் திறக்காமலே இவ்வளவு தூரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. 512,000இல் ஒயில் எரிந்து நீலப் புகை வந்தது. சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட்டோம். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் இந்த எஞ்சினுக்குக் கிடைக்காத சாமான் குறைவு. அதுவே பெரிய பலம்.

குறைகளும் உண்டு. 80க்கு மேல் போனால் பக்கத்திலிருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். எயார்பாக் கிடையாது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுத்தது இப்போது 9. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது இந்த வாகனத்துக்கு வாங்கிய விலையைப்போல் பல மடங்கு தருவதாகக் கேட்டு வந்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பவும் திறந்தது. புதிய பிக்கப்பின் விலை கோடிக்கணக்கில். மகன் இரண்டு தடவையும் விற்கச் சொன்னான். இப்போது அவன்தான் சனிக்கிழமைகளில் ஜாம் போத்தலோடு பில்டருக்கு அடியில் குந்தியிருக்கிறான். கண்டதைத் தேதி போட்டுக் கொப்பியில் எழுதிவைக்கிறான்.

சேசிஸில் உக்கிய பகுதியை வெட்டி எடுத்தாயிற்று. வெல்டிங்கால் ஒட்டுவதற்கு முன் பற்றறியின் வயர்களைக் கழற்றச் சொன்னேன். இல்லாவிட்டால் ஒல்ரனேற்றர் எரிந்துவிடும். புதுத் தகடு ஏறிவிட்டது, சிவப்பு பிறைமர் அடித்துக் காயவிட்டிருக்கிறோம். மாரி மழை தொடங்குமுன் உள்ளுக்கும் ஒயில் பூசிவிட வேண்டும்.